சீசாவில் இருந்தது கடல் அல்ல

உங்களை ஏமாற்றியவன் நான்தான், அண்ணி. அந்தச் சீசாவில் நான் கொண்டுவந்து கொடுத்தது கடல் தண்ணீர் இல்லை. அரியலூர் ஸ்டேஷன் குழாயில் பிடித்த தண்ணீர்.

இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. இன்று காலையில் உங்கள் மகள் அந்தச் சீசாவைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால் இப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். அண்ணன் மறுபடியும் மெட்ராஸ் போய்வரலாம் என்கிறார். அதற்காக அம்மா தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். உங்கள் பழைய சேலைக்குள் சுருட்டி வைத்திருந்த சீசா உருண்டு வெளியே வந்தது. தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. அடியில் வெள்ளையாக ஒரு படலம். பிள்ளை தக்கையைப் பிடுங்கி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"சித்தப்பா, உப்பு!"

"அது உங்கம்மாவோட கடலுடி. கீழ போட்டுறாத, பத்தரமா வையி," என்றாள் அம்மா.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அந்தப் பயணம் முழுக்க உங்களுடையது. யுத்தம் முடிந்த மறு சித்திரை. பெரம்பூரில் வேலை பார்த்த மாமா, "ஒரு தடவ எல்லாரும் வந்துட்டுப் போங்க" என்று எழுதிய கடிதாசியை அண்ணன் படித்துவிட்டுக் கூரையில் செருகிவிட்டார். நீங்கள்தான் அதை மறுபடி எடுத்தீர்கள். வரதராசன்பேட்டையில் வாத்தியார் மகளாக வளர்ந்தவர் நீங்கள். எதையும் எழுதிவைத்தால்தான் நம்புவீர்கள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் முதல் நாள், இரண்டாம் நாள் என்று கோடு போட்டு எழுதினீர்கள். சாந்தோம் கோயில். பாடம் செய்த மிருகங்கள் இருக்கும் செத்த காலேஜ். சிங்கம், புலி இருக்கும் உயிர் காலேஜ். கடற்கரைக்கு மட்டும் இரண்டு சாயங்காலம். ரேஷன் ஊருக்குப் போகிறோம், மாமா வீட்டு அரிசியில் கை வைக்கக் கூடாது என்று தலையணை உறைக்குள் அரிசி. கட்டுச்சோறு, ஊறுகாய், உப்பு ஒரு பொட்டலம்.

கடைசி வரியில், "தம்பி வீட்டில் இருப்பார்" என்று எழுதியிருந்தது.

யாராவது ஒருவர் இருந்தே ஆகவேண்டும். மாட்டைப் பண்ணையாள் சூசை பார்த்துக்கொள்வான். ஆனால் சூசை தொழுவத்தைத் தாண்டி வாசற்படி ஏறக் கூடாது. ஒரே கோயிலில், ஒரே சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்குகிறோம். அங்கேயும் அவனுக்குத் தனிப்பக்கம். "சூசை பொண்டாட்டிகிட்ட சாவியக் குடுத்துட்டுப் போவமே அத்தை" என்று நீங்கள் கேட்டதும் அம்மா ஒரு நாள் முழுக்க உங்களோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன்? "நான் இருக்கேன் போங்க. மெட்ராஸ் பணக்காரன் ஊரு, அங்க எனக்கு என்ன வேல?" என்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். பொய். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே எரிந்துகொண்டிருந்தேன்.

புறப்பட நான்கு நாள் இருக்கும்போது நீங்கள் உண்டாகியிருப்பது அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. மூன்று மாதம் மறைத்திருந்தீர்கள். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வயித்துப்புள்ளக்காரி ஆத்தத் தாண்டக் கூடாது. மெட்ராஸ் போற வழியில எத்தன ஆறு இருக்கு தெரியுமா?"

"நாம வேதக்காரங்கதானே அத்தை. நமக்கு என்ன அது?"

"வேதக்காரின்னு ஆத்துக்குத் தெரியுமாடி?"

அண்ணன் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். "தம்பி, நீங்க சொல்லுங்க. நீங்கதானே இதெல்லாம் மூடத்தனம்னு ஊரெல்லாம் பேசுறவுங்க."

பேசுகிறவன்தான். வாசகசாலையில் பெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசியவன். அன்றைக்கு வாயைத் திறந்தால் நீங்கள் போவீர்கள், நான் வீட்டில் இருப்பேன். மூடினால் உங்கள் இடம் எனக்கு. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

"அம்மா சொல்றதும் சரிதான் அண்ணி. உடம்பப் பாத்துக்குங்க."

நீங்கள் காலண்டர் தாளை எடுத்துக் கடைசி வரியை அடித்தீர்கள். பிறகு அதை என்னிடம் நீட்டினீர்கள். "இதும்படி போங்க. வழி மாறினா ஒரு நாள் வீணாப் போயிரும்." புறப்படும் நாளில் கஷாயச் சீசா ஒன்றைச் சாம்பல் போட்டுக் கழுவி என் பையில் வைத்தீர்கள். "கடல்தண்ணி கொண்டாங்க தம்பி. உப்பு உப்புங்கறாங்களே, எம்புட்டு உப்புன்னு நாக்குல வச்சுப் பாக்கணும்."

ரயில் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியபோது எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல். நடுவில் இரண்டு பேர் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இதைத் தாண்டக் கூடாது என்றுதான் உங்களை வீட்டில் வைத்தோம்.

கடற்கரைக்கு நீங்கள் எழுதியபடி இரண்டு சாயங்காலமும் போனோம். முதல் நாள் வாய் பிளந்து நின்றதில் சீசாவை மறந்தேன். இரண்டாம் நாள் மறக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் சீசாவோடு நின்றேன். பக்கத்தில் காலேஜ் பையன்கள் மூன்று பேர், சலவைச் சட்டை. ஒருவன் என் கையைப் பார்த்துவிட்டு, "தீர்த்தம் பிடிக்க வந்திருக்கான்டா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சீசாவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கரையேறினேன். அவ்வளவுதான், அண்ணி. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை.

திரும்பி வந்து அரியலூரில் இறங்கினோம். அண்ணன் வண்டி பார்க்கப் போனார், அம்மா மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நான் குழாயடிக்குப் போய்ச் சீசாவை நிரப்பினேன். நீங்கள் கட்டிக்கொடுத்த உப்புப் பொட்டலத்தில் பாதி மீதி இருந்தது. அதைத்தான் போட்டுக் குலுக்கினேன். உங்கள் உப்பு.

வண்டி வாசலில் நிற்பதற்குள் ஓடிவந்தீர்கள். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினீர்கள்.

"யம்மாடி! இம்புட்டு உப்பா! மீனெல்லாம் எப்புடித்தான் உசுரோட கெடக்குதோ!"

சூசையின் மனைவியைத் தொழுவத்திலிருந்து கூப்பிட்டு அவள் கையிலும் ஒரு சொட்டு விட்டீர்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நுரை நுரையா இருக்கும்பாங்களே தம்பி, இதுல காணமே?"

"வர்ற வழியில அடங்கிருச்சு அண்ணி."

"சிங்கம் பாத்தீங்களா?"

"அத எங்க பாக்குறது? குண்டு விழும்னு பயந்துக்கிட்டு யுத்தத்துல சுட்டுட்டாங்களாம்."

"பாவம், கூண்டுக்குள்ள கெடந்தது யார என்னா பண்ணுச்சு?" என்றீர்கள். சிங்கத்தைப் பற்றி மட்டும் உண்மை சொன்னேன்.

ஐப்பசியில் வலி கண்டது. ஒன்றரை நாள். மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அதற்குக் கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். இரு கரையும் நிறைந்து ஓடியது ஆறு. அன்றைக்கு யாரும் தாண்டக் கூடாது என்று சொல்லவில்லை. அம்மாதான் முதலில் பரிசலில் ஏறி உங்கள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

நடு ஆற்றில் தண்ணீர் கேட்டீர்கள். நான் குனிந்து ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கடல்தண்ணி மாரி இல்ல தம்பி. இது இனிக்குது."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வலியில் இருப்பவரிடம் எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் பிள்ளை பிழைத்தது. நீங்கள் பிழைக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "சின்னப் பொய்தானே, மூணு பிரியதத்த செபம் சொல்லு" என்றார். கோயில் வாசலைத் தாண்டுவதற்குள் மூன்றும் முடிந்துவிட்டது. மன்னிக்க அவர் யார்? அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்தது அவரா?

இந்த ஊரில் பொய் சொல்கிற எல்லோரையும் நான் திட்டியிருக்கிறேன். மிராசுதாரை, மணியக்காரரை, சாமியாரை, ஓட்டு வாங்கிப்போனவர்களை. வெள்ளைக்காரன் போய் இரண்டு வருஷம் ஆகிறது, சூசை இன்னும் தொழுவத்தில்தான் நிற்கிறான் என்று கூட்டத்தில் கத்துகிறேன். கத்தி முடித்து வீட்டுக்கு வந்தால் இந்தச் சீசா. நேற்று அம்மாவிடம், சூசை மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் போகலாம் என்றேன். நீங்கள் அன்று சொன்ன அதே வார்த்தை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அன்றே நான் இதைச் சொல்லியிருந்தால் அவள் உங்களுக்குப் பதில் என்னோடு பேசாமல் இருந்திருப்பாள். அவ்வளவு செலவுதான் ஆகியிருக்கும்.

சாயங்காலம் உங்கள் மகள் சீசாவை என் மடியில் வைத்தாள். "அம்மா கடல் தீந்துபோச்சு சித்தப்பா. மெட்ராஸ் போயி ரொப்பிக்கிட்டு வரலாமா?"

இந்தத் தடவை எத்தனை பேர் சிரித்தாலும் ரொப்புவேன். அது பெரிய காரியமில்லை. ஆனால் ரொப்புவதற்கு முன்னால் சீசாவைக் கழுவ வேண்டும். அடியில் ஒட்டியிருப்பது பொய் என்று எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவளுக்கு அது அம்மா. கழுவட்டுமா? அவளிடம் சொல்லட்டுமா? அல்லது அதன் மேலேயே கடலை ஊற்றி மூடட்டுமா?

முன்பு எல்லாவற்றையும் கோடு போட்டு எழுதிக் கொடுத்தீர்களே. இதற்கும் ஒரு வரி எழுதுங்கள். இல்லை, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டிவிட்டாவது போங்கள்.

சொல்லுங்கள், அண்ணி.