மட்டக்கம்பு

பெப்ரவரி 11, 2025

கண்டியில் கிளினிக் முடித்து, மாத்தளையில் எல்கடுவ பஸ் ஏறினேன். வலது கால் படிக்கு எழும்பவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். கொண்டக்டர் சிங்களத்தில் கேட்டான், பட்டப்பகலிலேயே போட்டாச்சா என்று. நாலு பேர் சிரித்தார்கள்.

நாற்பத்திரண்டு வயது வரை ஒரு சொட்டு தொட்டதில்லை. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்று அவனுக்குப் பாடம் நடத்தவா? நரம்பின் மேலுறை அரித்துப் போகிறதாம், மூளை சொல்வது காலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராதாம். டாக்டர் சொன்னது எனக்கே உடனே விளங்கவில்லை. அவனுக்கா விளங்கும்?

பெப்ரவரி 13

மனைவி அனுஷியா ஊன்றுகோல் வாங்கச் சொல்கிறாள். முடியாது.

பெப்ரவரி 20

மறுபடியும் அதே பேச்சு. ஏன் முடியாது என்று இன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன். நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடிந்ததும் பெரட்டுக்களத்தில் நின்று, ஆட்களைப் பேர் சொல்லி மலைக்கு அனுப்புகிறவன். அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளைமார் கம்போடுதான் அங்கே நின்றார்கள். கொழுந்து மூட்டையோடு பிந்தி வந்ததற்காக அப்பாவின் தோளில் விழுந்த அடி, அவர் சாகும்வரை தழும்பாக இருந்தது. எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான்: "கையில கம்பு மட்டும் எடுத்துறாதடா."

"அது அடிக்கிற கம்பு. இது நடக்கிறதுக்குங்க" என்றாள் அனுஷியா.

பார்க்கிற சனத்துக்கு அது எப்படித் தெரியும்?

மார்ச் 18

வெயில் ஏறினால் கால் என்னுடையதாகவே இல்லை. மத்தியானத்துக்குப் பிறகு தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்குகிறேன். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்ன பேசியிருப்பார்கள் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ஏப்ரல் 6

கோயில் கமிட்டித் தலைவர் செல்லச்சாமி வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை ஊர்க்கதை. பிறகு மெல்ல, "சதீஸ், இந்த வருசம் நீங்க காப்புக் கட்ட வேணாம்."

ஏன் என்றேன்.

"அம்மனுக்குக் காப்புக் கட்டினவன் தள்ளாடினா சனம் என்ன பேசும்? கோயிலுக்குத்தானே கெட்ட பேரு."

எனக்கு நோய் என்றேன். "நான் நம்புறேன் தம்பி. சனம் நம்பாதே" என்றார். நம்புகிறாராம்! நம்புகிறவர் அதைச் சனத்திடம் சொல்ல வேண்டியதுதானே?

காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை இறைச்சியோ சாராயமோ தொடக்கூடாது. எனக்கு வருசம் முழுக்க அப்படித்தான். கமிட்டிக்காரங்க கதை தெரியாதா எனக்கு? சனிக்கிழமையானா போத்தல் இல்லாம சோறு எறங்காது. ஆனா நேரா நடக்கிறாங்க. அதனால அவங்க சுத்தம். நான் என்ன செய்யணும் — டாக்டர் குடுத்த துண்டுச்சீட்ட நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியவா?

ஏப்ரல் 7

இன்னும் ஆறவில்லை.

ஏப்ரல் 17

நாலாம் நம்பர் மலையில், கொழுந்தெடுக்கிற பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்தேன். புதிதாக வந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழும்பப் பார்த்தேன், கால் கேட்கவில்லை.

அழகம்மா வந்தார். அப்பாவோடு வேலை செய்தவர், இன்னும் கூடை இறக்காதவர். தன் மட்டக்கம்பை நீட்டினார். செடி மேல் கிடத்தி, எந்த மட்டத்தில் கிள்ள வேண்டும் என்று பார்க்கிற கம்பு. கொழுந்தெடுக்கிற ஒவ்வொருத்தரிடமும் ஒன்று இருக்கும்.

"இத ஊனி எந்திரிங்க கணக்கப்புள்ள."

"கம்பு வேணாம்."

"உங்கப்பா இருளாண்டி அண்ணன் வாங்குன அடி எனக்குத் தெரியாதா? எனக்குந்தான் விழுந்திச்சு. அது அவங்க கம்பு. இது எங்க கம்பு. கானுக்குள்ள கெடந்துக்கிட்டு ரோசம் பேசாதீங்க."

ஊன்றி எழுந்தேன். கொய்யாக் கம்பு, அவர் கை பட்டே வழுவழுப்பாகியிருந்தது. திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. தனக்கு வேறு வெட்டிக்கொள்வாராம்.

ஏப்ரல் 25

காப்புக் கட்டு. கம்போடு போனேன். கோயில் வாசலில் செல்லச்சாமி மறித்தார். "கம்ப வெளிய வச்சிட்டு வாங்க."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. எல்லாருக்கும் கேட்கவே சொன்னேன்: "வெளிய வச்சா விழுவேன். விழுந்தா குடிச்சிருக்கேன்னு சொல்லுவீங்க. எனக்கு நரம்பு நோய். மாறாத நோய். இனிமே இந்தக் கம்பும் நானும் ஒண்ணாத்தான் வருவோம்."

பின்னாலிருந்து அழகம்மா குரல் கேட்டது: "அது எங்க கம்பு. கொழுந்துக்கம்பு ஆகாதுன்னா நாங்களும் வெளிய நிக்கிறோம்."

பூசாரி என் கையைப் பிடித்து மஞ்சள் கயிற்றைக் கட்டினார். செல்லச்சாமி மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை.

மே 6

திருவிழா முடிந்து நேற்றுக் காப்பு அவிழ்த்தார்கள். கரகத்தோடு முழுவதும் நடக்க முடியவில்லை. பாதி வழியில் மதகில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் குடித்திருக்கிறான் என்று யாரும் சொல்லவில்லை.

இன்று பெரட்டுக்களத்தில் கம்போடு நின்று பேர் கூப்பிட்டேன். எல்லாரும் வழக்கம்போலப் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனார்கள். அழகம்மா மட்டும் நின்று கம்பின் அடியைப் பார்த்தார். "தேஞ்சிருச்சு. வழுக்கும். ரப்பர் மாட்டுங்க."

நாளைக்கு ரப்பர் வாங்க மாத்தளைக்குப் போக வேண்டும். போட்டாச்சா என்று கேட்ட அந்தக் கொண்டக்டரின் பஸ்ஸாக இருந்தால் நல்லது.