சர்ச் மணியான கியர்

லெவுகா, ஃபிஜி
டிசம்பர் 9

அன்பு மகள் விலிமைனாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், வெலிங்டன் காற்றில் நீயும் சளி பிடிக்காமல் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, பத்து நாளாக எனக்கு நிம்மதி கிடையாது. ஆறு வருஷம் கழித்து கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், நீ வரவேண்டிய படகோ நீரைத் தள்ளும் விசிறியின் தண்டு உடைந்து கரையேறிக் கிடக்கிறது. புதுத் தண்டு கடைந்து, நுனியில் நட்டு ஏற மரை வெட்டும்போது என் பட்டறையின் இந்தப் பாழாய்ப்போன கடைசல் லேத் காலை வாரிவிட்டது. கடகடவென்று ஒரு சத்தம், மரை ஓட்டும் கியரில் நாலு பல் காலி. அந்தக் கியர் இல்லாவிட்டால் லேத் சுற்றும், மரை விழாது. பல் போன இடத்தில் பித்தளையை ஒட்டி, இரண்டு நாள் இடுப்பொடிய அரத்தால் ராவி மாட்டினேன். முதல் சுற்றிலேயே பிய்த்துக்கொண்டு போனது. ஸ்பேனரை விட்டெறிந்தேன், தகரச் சுவர் பொத்தலானது. உன் அம்மா எட்டிப் பார்த்து, இனி சுவத்தையும் ரிப்பேர் பண்ணணுமா என்றாள்.

மாற்றுக் கியர் ஒன்று இருந்தது மகளே, போன வருஷம் சுவாப் பட்டணத்தில் வெண்கலத்தில் செய்து வாங்கியது. அது எங்கே என்கிறாயா? உன் வைசாகே மாமாவுக்குக் கொடுத்தேன்! பளபளப்பைப் பார்த்துவிட்டு, மச்சான் இது எனக்கு வேணும், கெரெகெரே என்றான். உறவுக்காரன் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் மறுக்கக்கூடாது என்பதுதானே நம் வழக்கம், மச்சானே கேட்டபின் இல்லையென்று சொல்ல எனக்கு முகம் ஏது? எதுக்குடா என்றாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, என் மடத்தனம்.

திங்கட்கிழமை, கேட்கப்போகிறவன் மரியாதைக்கு வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு தீவின் அந்தப் பக்கம் அவன் ஊருக்குப் போனேன். சர்ச் வாசல் ஈரப்பலா மரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது என் கியர்! ஜெபத்துக்கு அதைத்தான் அடிக்கிறார்களாம். வேர்க்கட்டை அவன் முன் வைத்து நானும் அதே சொல்லைச் சொன்னேன். அடப்பாவி மச்சான், சாமி மணியத் திருட வந்திருக்கான் பாருங்கடா என்று ஊரையே கூட்டிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கழற்றியும் கொடுத்தான். கொடுத்த கையோடு, இப்ப என் முறை மச்சான், புள்ள வர்ற படகு முதல்ல எங்க கரையத்தானே தொடும், முதல் நாள் சாப்பாடும் படுக்கையும் எங்க வீட்டுல, கெரெகெரே என்றான். ஆறு வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருந்த நாள் அது. சரி என்றேன், வேறென்ன சொல்ல?

ஒரு பல்தான் நசுங்கியிருந்தது, ராவிச் சரிசெய்தேன். நேற்று மரை விழுந்துவிட்டது. சனிக்கிழமை படகு ஓடும். வரும்போது அந்தச் சர்ச்சுக்குக் கனமாக ஒரு மணி வாங்கி வா, மறந்துவிடாதே, இல்லாவிட்டால் அவன் கண் மறுபடி என் பட்டறைமேல்தான். படகில் ஓரத்தில் உட்காராதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

நீ வரும் அன்று நானும் உன் அம்மாவும் அவன் கரையில்தான் நிற்போம். எங்கள் இரண்டு பேருக்கும் உன் பக்கத்தில் உட்கார இடமும் மீனும் சேப்பங்கிழங்கும் அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்கப்போகிறேன். மறுக்கட்டும், பார்க்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா எமோசி