ஒரே நொடியில் இரண்டு பேர்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஆலங்குடி முழுக்கக் கரண்ட் போய்ப் போய் வந்தது. வீட்டிலிருந்தே வேலை, இன்வெர்ட்டர் தாங்கியது.

வேலை: காலை மீட்டிங். ஆஸ்பத்திரிக்கு லாக் அனுப்ப. கேஸ் சிலிண்டர் பதிய (பதியவில்லை).

எங்கள் மென்பொருள் ஓடும் ஓர் ஆஸ்பத்திரியில் குழப்பம். ஒரு பெரியவரின் சர்க்கரை அளவு, வேறொரு அம்மாளின் பெயரில் ஏறி வார்டுக்குப் போயிருக்கிறது. இன்சுலின் போடப் போன நர்ஸ் சந்தேகப்பட்டு மறுபடி விரலில் குத்திப் பார்த்திருக்கிறார். அதனால் அந்த அம்மாள் தப்பினார். லேப் டெக்னீஷியன் ரம்யா ஆள் மாற்றிப் பதிந்துவிட்டதாகப் புகார்.

சென்னையிலிருந்து டீம் லீட் பிரபாகர் சார்: "லாக்ல என்ன இருக்குன்னு எடுத்து அனுப்பிடுங்க ஸ்டெல்லா."

எடுத்தேன். யார், எப்போது, எதைப் பதிந்தார்கள் என்று கணினி தானே எழுதிவைக்கும் குறிப்பு அது. ரம்யாவின் ஐடி, நேரம், அந்த அம்மாளின் நோயாளி எண். தெளிவாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

சப்போர்ட் எண்ணில் ரம்யாவே கூப்பிட்டாள். குரலில் சின்னப் பெண். "அக்கா, நான் பெரியவரு பேரைப் பாத்துத்தான் போட்டேன். ஒங்க லாக்கைக் காட்டி வீட்ல இருக்கச் சொல்லிட்டாங்க. இன்னொருக்கா பாப்பீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனாலும் மத்தியானம் பார்த்தேன்.

அதே நொடியில் லாக்கில் இன்னொரு வரி. பக்கத்துக் கவுன்ட்டர். அதிலும் அதே அம்மாளின் எண்.

பக்கத்துக் கவுன்ட்டருக்கு அந்த அம்மாளின் ரத்த அணுப் பரிசோதனை வந்திருக்கிறது, அது சரி. ஆனால் இரண்டு கவுன்ட்டரிலும் ஒரே நோயாளி, ஒரே நொடி. தற்செயலாக இருக்க முடியாது.

நவம்பர் 6, வியாழன்

மென்பொருளின் கோட் முழுக்கப் படித்தேன். கண்டுபிடித்தாயிற்று.

மென்பொருளில் முடிவுகளைச் சேமிக்கும் பகுதி, அந்தக் காம்பொனென்ட், சர்வர் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை உருவாகிறது. பிறகு எந்தக் கவுன்ட்டரிலிருந்து யார் சேவ் அமுக்கினாலும் அதே ஒன்றுதான் பதில் சொல்லும். அதில் தப்பில்லை, வழக்கம்தான். தப்பு: நோயாளி எண்ணை அது தனக்குள்ளேயே ஒரு மாறியில், எல்லாருக்கும் பொதுவான ஒரே பெட்டி மாதிரி, வைத்துக்கொள்கிறது. ரம்யா பெரியவரின் எண்ணை வைத்த மறுகணம், பக்கத்துக் கவுன்ட்டர் அதன் மேலேயே அம்மாளின் எண்ணை வைத்துவிட்டது. ரம்யா பதிந்த சர்க்கரை அளவு அம்மாளின் பெயரில் போய் விழுந்தது.

லாக்கும் எண்ணை அதே மாறியிலிருந்துதான் எடுத்து எழுதுகிறது. அதாவது நான் அனுப்பிய சாட்சி பொய்.

டெஸ்ட் சர்வரில், எண்ணை வைப்பதற்கும் முடிவை எழுதுவதற்கும் நடுவே சிறு தாமதம் வைத்து ஓட்டினேன். லேப்டாப்பில் நான், லட்சுமி என்ற பொய் நோயாளிக்கு. போனில் இன்னொரு ஆள் வேண்டும். கடலை உடைத்துக்கொண்டிருந்த மாமியாரைக் கூப்பிட்டேன்.

"இதுல முருகேசன்னு இருக்கா அத்தை? முந்நூறுன்னு போட்டு, நான் சொன்னதும் அமுக்குங்க."

"கை பூரா மண்ணுடி."

"பரவால்ல, அமுக்குங்க."

அமுக்கினார். கூடவே நானும் அமுக்கினேன். அத்தை பட்டியலைப் பார்த்தார். "நான் முருகேசனுக்குத்தான போட்டேன்? இங்கிட்டு லட்சுமிக்குல்ல ஏறியிருக்கு!"

"அதேதான் அத்தை."

"அப்ப இதை நம்பி எவன் ஊசி போட்டுக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கடலைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 7, வெள்ளி

பிரபாகர் சாரிடம் காட்டினேன். அவர் எழுதிய கோட்தான். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"சிங்க்ரனைஸ் பண்ணி விட்ருங்க" என்றார். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுகிற பூட்டு. முயன்றேன். எண்ணை வைப்பதையும் முடிவை எழுதுவதையும் தனித்தனியாகப் பூட்டினால் நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் எல்லாக் கவுன்ட்டரும் ஒருவர் பின் ஒருவராகக் காத்து நிற்கும். லேபில் காலையில் வரும் கூட்டத்துக்கு ஆகாது.

மாறியையே எடுத்துவிட்டேன். நோயாளி எண் இனி ஒவ்வொரு அழைப்போடும் கூடவே போகும், காம்பொனென்ட் எதையும் நினைவில் வைக்காது. தேடினால் வேறு இடங்களிலும் இதே கதை. தேதியை எழுதித் தரும் பகுதியும் இப்படியே எல்லாருக்கும் பொதுவாகக் கிடந்தது. எல்லாம் மாற்றி, ஒரே நேரத்தில் பல பேர் அமுக்குவது போல ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் கலக்கவில்லை.

சாயங்காலம் பி. சார்: "சூப்பர். பெர்ஃபார்மன்ஸ் அப்டேட்னு ரிலீஸ் நோட்ல போட்டுடலாம்." வேகத்தைக் கூட்டியதாக மட்டும் தெரியும், தப்பு நடந்ததே தெரியாது.

"லாக் தப்புன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும் சார்."

"ஃபிக்ஸ் போட்டாச்சுல்ல ஸ்டெல்லா. கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம்."

"அந்தப் பொண்ணு வீட்ல உக்காந்திருக்கு சார். லாக் அனுப்புனது நான். நீங்க சொல்லலேன்னா நான் சொல்வேன்."

பிறகு கால் துண்டானது. இங்கே நெட் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 8, சனி

கனமழை. துணி காயவில்லை. தூக்கம் சரியில்லை. வேலை போனால் என்ன செய்வது என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மெயில் எழுதி வைத்திருந்தேன். அதற்குள் பி. சாரிடமிருந்தே ஆஸ்பத்திரிக்கு ஒன்று போயிருந்தது, எனக்கும் நகல். லாக் தவறு, காரணம் எங்கள் கோட், டெக்னீஷியன் பொறுப்பல்ல. கோட் யாருடையது என்றும் எழுதியிருந்தார். இரண்டு தடவை படித்தேன். என் மெயிலை அழித்துவிட்டேன். அவருக்கு 'நன்றி சார்' மட்டும்.

நவம்பர் 10, திங்கள்

வெயில். துணி எல்லாம் மாடியில்.

ரம்யா கூப்பிட்டாள். "இன்னைக்கு வரச் சொன்னாங்கக்கா, வந்துட்டேன்."

சந்தோஷம் என்றேன்.

"ஒண்ணு சொல்லவா? லாக்கைத் திருப்பித் திருப்பிக் காட்டவும் எனக்கே சந்தேகமாப் போச்சு. நான்தான் மாத்திப் போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. இன்னைக்கு அதைக் கேட்டு வாங்கிக் கிழிச்சுட்டுத்தான் உள்ளயே போனேன்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப சேவ் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேரையும் சத்தமா ரெண்டு தடவை படிக்கிறேன்க்கா. கூட இருக்குறவங்க சிரிக்கிறாங்க."

இனிமேல் அது தேவையில்லை, சரிசெய்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.