குழாய்த் திருகுக்கு ஏழு முத்திரை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மழுப்ப வேண்டாம், அம்மாவிடமும் விசாரிப்பேன்.

நேற்று ஒரு கூத்து நடந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தும் எங்கள் குழுவில் இரண்டு நாளாக இழுபறி. "உள்ளூர் மன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தா தாங்குமா?" என்று ஒரு வக்கீல் விடாப்பிடியாக நின்றார். தலைவர் அம்மா என்னைப் பார்த்து, "உன் கோப்புலேருந்து, ஊர்க்காரங்க அனுப்பின பழைய மனு ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வாம்மா, அவர் பார்க்கட்டும்" என்றார்.

நான் எடுத்துப்போனது உங்கள் மனு. தெருக்குழாயின் திருகை மாற்ற அனுமதி கேட்டு, பதினோரு வருடத்துக்கு முன் நீங்கள் தலைநகருக்கு எழுதியது. அதன் மேல் ஏழு அலுவலகங்களின் முத்திரை; கடைசியில் 'பரிசீலனையில் உள்ளது'. வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு திருகுக்கா இந்தப் பாடு? கொடுத்துத் தொலைங்க" என்று அவரே முதலில் கை தூக்கினார். மன்றத்துக்கு அதிகாரம் தரும் சட்டப்பிரிவு குழுவில் நிறைவேறிவிட்டது. சட்டம் வந்ததும் குழாய், விளக்கு, சாக்கடை எல்லாம் உங்கள் மன்றத்தின் பொறுப்பு. யாரையாவது திட்டவும் இரண்டு தெரு நடந்தால் போதும்.

கைக்கு அகப்பட்டதை எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய்தான். உங்கள் கையெழுத்து என்பதால் நாலு மாதமாக அது என் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. இப்போது அதைச் சட்ட வரைவோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

கூட்டத்துக்கு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். போனில் பேசுவதோடு நிறுத்தாமல், கைப்பட இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மனுவாக இருந்தாலும் சரி, ஏழு முத்திரை கேட்க மாட்டேன்.

உங்கள் மகள்