மூன்றாவது ஊசி

இன்று காலை சூளகிரி மேம்பாலத்தடியில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றபோது குளிர் தாங்கவில்லை. உன் ஜெர்கினை முதல் முறையாகப் போட்டுக்கொண்டேன். உன் காரியம் முடிந்த அன்று சாமல்பட்டியில் உன் அம்மா, "நீயே போட்டுக்க கண்ணு, அங்க குளிரும்" என்று கையில் திணித்தது அது. உள்பையில் விரலை விட்டபோது மடித்த அட்டை ஒன்று வந்தது. கம்பெனி மருத்துவ அறையில் கொடுக்கும் அட்டை. அதில் இருந்தது என் பெயர்.

எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று ஒன்றரை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்குத் தொண்டையில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்ததே, அப்போது நாளுக்கு ஒன்றாக மூன்று ஊசி எழுதினார்கள். முதல் நாள் சிஸ்டர் தோலுக்கு அடியில் ஒரு துளி மருந்து விட்டு, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்தார். அரை மணி நேரம் உட்கார வைத்தார். பயந்துபோயிருந்த என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "கிருமி தன்னச் சுத்தி ஒரு சுவர் வெச்சிருக்கும்மா. இந்த மருந்து அந்தச் சுவரக் கட்ட விடாது. பாதியில விட்டா மிச்சம் மீதி மறுபடியும் கட்டிக்கும்."

நம் அறைக்கு வந்து உன்னிடம் சொன்னேன். பாயில் படுத்தபடியே உன் கதையைச் சொன்னாய். சின்ன வயதில் ஏதோ ஒரு ஊசி போட்டு, "மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கி மூச்சே வரல புள்ள. எங்கம்மா ஒப்பாரியே வெச்சிடுச்சி" என்றாய். என்ன ஊசி என்று கேட்டேன். அதெல்லாம் யாருக்குத் தெரியும் என்றாய். இருவரும் சிரித்தோம்.

இரண்டு ஊசியிலேயே எனக்குக் காய்ச்சல் விட்டது. மூன்றாவதற்குப் போக மாட்டேன் என்றேன். உனக்கும் அன்று தொண்டை வலி. "நீ போகலன்னா உன் ஊசிய நான் போட்டுக்கறேன்டி" என்றாய். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். நீ சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதம் வரை அட்டை கிடையாது. பயிற்சியில் லீவு போட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தொப்பியும் மாஸ்க்கும் போட்ட பிறகு நம் எல்லோருக்கும் கண் மட்டும்தான் தெரியும்.

அட்டையின் மூன்றாவது வரியில், நான் போகாத அந்த ஊசிக்கு, சிஸ்டரின் கையெழுத்து இருக்கிறது. "முன் இரண்டு ஊசியில் தொந்தரவு இல்லை, கேட்டதற்கு ஒவ்வாமை இல்லை என்றார், அரை மணி இருக்கச் சொல்லியுள்ளேன்." உன்னால் எப்படி உண்மையைச் சொல்லியிருக்க முடியும்? என் உடம்பு அந்த மருந்தை இரண்டு முறை ஏற்றுக்கொண்டுவிட்டதே. உன் வீக்கத்தைச் சொன்னால் என் பெயரைக் கழற்ற வேண்டியிருக்கும்.

டீ பிரேக் முடிந்ததும், அரை மணி ஆகும் முன்பே, சிஸ்டரிடம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாய். லாக்கர் பக்கத்தில் விழுந்தாய். சிஸ்டர் ஒவ்வாமையை முறிக்கும் ஊசியோடு ஓடி வந்ததை நான் பார்த்தேன். நீ எழவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பதிவேட்டில் என் பெயர் இருந்தது. "மூணாவது ஊசி நீதான போட்டுக்கிட்ட?" என்று மேனேஜர் கேட்டார். இல்லை என்றால், அட்டையை ஏன் கொடுத்தாய் என்பார்கள். அட்டையை இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை போகும். என்றைக்கும் வெளியே வராத என் குரல் அன்று தெளிவாக வந்தது. "ஆமா சார்."

அதோடு, அட்டை இல்லாத உனக்கு எதையும் கேட்காமல், எதையும் எழுதாமல் ஊசி போட்டவர் என்று சிஸ்டரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

கேன்டீனில் எனக்குக் குழம்பு ஊற்றவில்லை என்றால் நீதான் கேட்பாய். "ஏக்கா, இவ கேக்க மாட்டானு விட்டுட்டுப் போறியா?" என்பாய். நான் கேட்க மாட்டேன் என்பது உனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் என் பையைத் திறந்தாயா?

மதியம் சாப்பிடாமல் போய் அட்டையை மேனேஜரின் மேசையில் வைத்தேன். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. அவர் சிஸ்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு தடவ கேட்டேன்மா" என்றார் சிஸ்டர். பிறகு, "நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

விசாரணை முடியும்வரை என்னை வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். அது போகட்டும். சிஸ்டர்தான் உன்னைக் கொன்றார் என்று உன் அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறார். ஞாயிற்றுக்கிழமை சாமல்பட்டிக்குப் போகிறேன். நீ பொய் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னதையும்தான். இதற்கும் பேசத் தெரியாத என்னையே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.