அக்கா மேல் ஊஞ்சல் போட வந்தார்கள்

என் தங்கமான அக்கா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரியெல்லாம் ஏறி இறங்கி, வளைந்து வளைந்து, நம்ம தோட்டத்து ரோடு மாதிரியே போகிறது. 'ழ' வருகிற இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகிறேன். ஆனால் அக்கா, எழுதுவது நான்தான். உன் சின்னான் எழுதுகிறான். நம்புவாயா?

கோயில் மண்டபத்தில் வயசானவர்களுக்கென்று பின்னேர வகுப்பு நடக்கிறது. கண்டியில் இருந்து பஸ் ஏறி வருகிற டீச்சர், யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வாருங்கள் என்றார். உயிரோடு இருப்பவர்களிடம் நேரிலேயே பேசிக்கொள்வேன். எழுதுவதென்றால் உனக்குத்தான். நன்றாக வந்தால் பத்திரிகைக்கு அனுப்பலாமாம். நாலு பேர் படித்தால் உனக்கு என்ன? நீ பீலியில் தண்ணி பிடிக்கும்போதே மூன்று லயத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி பேசியவள்தானே.

ஊர்ப் புதினத்தைக் கேள். நம்ம ஊர் இப்போது பெரிய ஊர். யாரோ ஒருவர் பாறை முனையில் நின்று ஒரு படம் எடுத்து போனில் போட்டாராம். அவ்வளவுதான். அக்குறணையில் இருந்து குடும்பம் குடும்பமாக வேனில் வருகிறார்கள். குருணாகல் ஆட்கள் சோற்றுப் பார்சலோடு வருகிறார்கள். வெள்ளைக்காரர்கள், அரபுநாட்டுக்காரர்கள், சீனர்கள் எல்லாரும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் தேயிலைக் கொழுந்து லொறி திரும்ப வழியில்லை, ஹோர்ன் அடித்தபடி நிற்கிறது. காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் கூட்டத்தை விலக்க முன்னால் இரண்டு பேர் ஓடவேண்டும்.

உன் கூட்டாளி ராக்கு இப்போது கொழுந்து பறிப்பதில்லை. வெறுங்கூடையை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறாள், அதற்குக் காசு கிடைக்கிறது. கூடை நிறைய பறித்த காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று கேட்டேன். "அப்ப நான் சிரிக்கலையே, தம்பி" என்றாள்.

பொய் சொல்லமாட்டேன், எனக்கும் இது பிடித்துத்தான் இருக்கிறது. எத்தனை விதமான முகங்கள்! ஆனால் பீலித் தண்ணியெல்லாம் மேலே வருகிறவர்கள் தங்கக் கட்டின அறைகளுக்குப் போய், நமக்கு நூல் மாதிரி ஒழுகுகிறபோது மட்டும் பிடிப்பதில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். நீ போகிற நேரத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னது நினைவிருக்கிறதா? "காலம் பூரா குனிஞ்சு கொழுந்தைத்தான்டா பாத்தேன். அந்தப் பாறை முனையில என்னைப் போடு. கொஞ்சம் நிமிந்து பாக்கறேன்." அப்படியே செய்தோம். அங்கே இருந்து மகாவலி தெரியும், மலைக்குப் பின்னால் மலை தெரியும். இப்போது பல்லேகலப் பக்கம் பெரிய கிரிக்கெட் மைதானமும் வந்துவிட்டது. மேட்ச் நாளில் விளக்குகளைப் போட்டால் கீழே ஒரு நிலா இறங்கின மாதிரி இருக்கும். நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

கடைசியில் நீ கேட்ட இடத்தைத்தான் உலகமே கேட்கிறது அக்கா. படம் எடுக்க வருகிறவர்கள் நிற்பதும் இருப்பதும் உன் மேல்தான். கால் பட்டுப் பட்டு மண்மேடு தரையாகிவிட்டது. நம்ம ஆட்களைப் புதைத்த இடத்துக்கு எப்பவும் செடிதானே அடையாளம்? உன் தலைமாட்டில் நான் நட்ட செவ்வரத்தைச் செடியை, ஆளுக்கொரு பூ காதில் செருகிக்கொள்ளவென்று ஒடித்து ஒடித்து, மொட்டைக் குச்சியாக்கிவிட்டார்கள். போன மழையோடு அதுவும் போய்விட்டது.

அப்போதுதான் உன் மகன் செல்வம் ஒரு வேலை செய்தான். நீ போகும்போது மடியில் கிடந்த பிள்ளை, இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். பள்ளத்துக்கு மேலே ஆடுகிற மாதிரி பெரிய ஊஞ்சல் ஒன்று போட, கண்டியில் ஒரு முதலாளியோடு பேசிவிட்டான். எனக்கு விஷயம் தெரிந்து நான் மேலே ஏறிப்போனபோது கயிறு பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்கள். தூண் நடுகிற ஒரு குழிக்குச் சுண்ணாம்பில் வட்டம்கூடப் போட்டாகிவிட்டது. சரியாக உன் நெஞ்சுக்கு நேரே.

"இது வேணாம்டா" என்றேன். தோட்டத்து வேலையால் இனி யாருக்குச் சோறு, வருகிற கூட்டத்தை விட்டுவிட்டு எதைத் தின்பது என்று பேசிக்கொண்டே போனான். அதில் பொய்யும் இல்லை. "வெறும் மண்ணுதானே மாமா, இங்க என்ன இருக்கு?" என்றான்.

"உன் ஆத்தா இருக்கா. அவ மேல நின்னுதான் அளக்குற."

அவன் கையில் இருந்த கயிறு கீழே விழுந்தது. நீ இருப்பது கீழே சப்பு மரத்தடியில் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறான். சின்னப் பிள்ளைகளை நாம் புதைக்கிற காட்டுக்குக் கூட்டிப்போவதில்லை. படையலும் வீட்டிலேயே போட்டுக்கொள்கிறோம். அவனுக்கு எப்படித் தெரியும்? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான். முதலாளி என்னவென்று சிங்களத்தில் கேட்டார். "அம்மா" என்று மட்டும் சொன்னான். அது எல்லாப் பாஷையிலும் விளங்குமே. அவர் கயிற்றைச் சுருட்டினார்.

அன்றைக்கே வேலி அடிப்போம் என்று குதித்தான் செல்வம். வேலி அடித்தால் அதில் சாய்ந்து படம் எடுப்பார்கள் என்றேன். எனக்கு வேறு யோசனை இருந்தது. உன் அம்மிக்கல் அவன் வீட்டில் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. அதைக் கழுவித் தோளில் தூக்கிவரச் சொன்னேன். "கோழியெல்லாம் ஓடிரும் மாமா" என்று அவன் பெண்சாதி கத்தினாள். ஓடட்டும் என்றேன்.

கல்லை உன் தலைமாட்டில் நட்டு, கோயிலில் மீந்திருந்த சிவப்பு பெயிண்டால், முழங்காலிட்டு எழுதினேன். காமாட்சி. அவ்வளவுதான். 'ட்'டுக்குப் புள்ளி வைக்கும்போது பெயிண்ட் கூடிப்போய் அது கொஞ்சம் ஒழுகிவிட்டது, பொட்டு கரைந்த மாதிரி. துடைக்க மனம் வரவில்லை.

செல்வம் கேட்டான், "இங்கிலீஸ்ல எழுதினாத்தானே மாமா அவங்களுக்கு வெளங்கும்?"

விளங்கத் தேவையில்லை என்றேன். எழுபது வருஷம் ஒரு எழுத்தும் தெரியாமல் இருந்தவன் நான். எழுத்துள்ள கடுதாசித் துண்டு காலில் பட்டாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதானே போவோம், நீயும் நானும்? என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாததால்தானே அவ்வளவு பயம்? நம்ம எழுத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்களும் இப்போது நம்மைப் போலத்தான்.

போன ஞாயிறு வெள்ளனவே செல்வத்தோடு போய்ச் சற்றுத் தள்ளி இருந்துகொண்டேன். கூட்டம் வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் போனை நீட்டிப் பிடித்தபடி பின்னாலேயே நடந்து வந்தாள். குதிகால் கல்லில் முட்டியது. திரும்பினாள். குனிந்து பார்த்தாள். தூக்கின காலை அந்தரத்திலேயே வைத்திருந்து, மெதுவாக வேறு பக்கம் ஊன்றினாள். பிறகு தன் ஆட்களையும் கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னாள். ஒரு எழுத்துத் தெரியாது அக்கா அவளுக்கு! நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஆட்டோவைத் துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்தான்.

ஊஞ்சல் நின்றுவிட்டது என்று நினைக்காதே. கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்துப் பக்கம் போடப்போகிறார்கள். அதில் முதலில் ஆடப்போவது தான்தான் என்று ராக்கு சொல்லித் திரிகிறாள். லொறி இன்னும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறது. தண்ணிக்கு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அதற்கும் ஒரு கடிதம் எழுதவேண்டும், அரசாங்கக் கச்சேரிக்கு. கை இன்னும் பழக வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. உனக்குப் பக்கத்தில் நம்ம அப்பா கிடக்கிறார். அவருக்கு மேலேயும் இன்னும் ஆட்கள் இருந்து சாப்பிடுகிறார்கள். செல்வம் பீலிப் பக்கம் ஒரு கல் பார்த்து வைத்திருக்கிறான். வருகிற கிழமை பெயிண்ட் டப்பாவோடு வந்து மறுபடி எழுதுவேன், நீ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள். அப்பா பெயர் நீளம், கருப்பண்ணன். கோணலாகப் போனால் சிரிக்காதே.

நீ இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி,
சின்னான்