தகட்டின் கால்வாசி

1.10.1996, செவ்வாய்

மேப்பிள் கணித மென்பொருள் இன்றும் என்னை வெளியே தள்ளியது. சின்டாக்ஸ் எரர். எது பிழை என்று சொல்லாது. பிழை எங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

கையால் போட்டால் அரைப் பக்கத்தில் முடிகிற இன்டிகிரேஷன். திரை முன்னால் உட்கார்ந்தால் அது தெரியாதவள் ஆகிவிடுகிறேன். குறி மின்னிக்கொண்டே இருக்கிறது. பொறுமையாக. அந்தப் பொறுமைதான் பயமாக இருக்கிறது.

போன வருடம் இந்த ஒரு பாடத்தில் தோற்றேன். மறுபடி தோற்றால் கணிதப் பட்டப்படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். வீட்டில் சொல்லவில்லை. புக்கிட் ரம்பாயில் அப்பா காவல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும்: "வீரமுத்து மக கம்ப்யூட்டர் படிக்குது."

8.10.1996

பாதி மதிப்பெண் புராஜெக்டுக்கு. இருவர் இருவராக. எனக்குச் சுஜீவன். இராஜரட்ணம் சார் பட்டியலை வாசித்தபோது அவன் முகம் சுளிக்கவில்லை. அதற்கே நன்றி சொல்லத் தோன்றியது.

சதுர உலோகத் தகடு. நடுவில் சூடு. நான்கு விளிம்பும் குளிர். தகட்டைச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் வெப்பமும் நான்கு அண்டைக் கட்டங்களின் சராசரி. எல்லாம் அடங்கி நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும்.

"கணக்க நீ எழுது, நான் அடிக்கிறேன். கீபோர்ட மட்டும் தொட்றாத லா, சாமி."

சிரித்தான். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு இல்லை.

11.10.1996

இன்றும் கீபோர்டைத் தொடவில்லை.

18.10.1996, வெள்ளி

ஓடுகிறது! மாலையில் ஓட விட்டோம். நாளை சாயங்காலம் முடியும் என்கிறான். லேப் பொறுப்பாளரிடம் கெஞ்சி, இரவு முழுக்க ஓட அனுமதி வாங்கியவனும் அவன்தான். திங்கட்கிழமை நான்கு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும்.

திரையில் ஓர் எண். சுற்றுக்குச் சுற்றுக் கொஞ்சம் குறைகிறது. அது சுழியை நெருங்கினால் தகடு அடங்கிவிட்டது என்று பொருள். வீட்டுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருந்தது.

19.10.1996, சனி

நான் பிடுங்கினேன்.

நான்தான்.

—

எழுதியே ஆக வேண்டும். மதியம் சுஜீவன் சாப்பிடப் போனான். நான் திரைக்குக் காவல். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி. அடுத்த கணம் ப்ளக் என் கையில். எப்போது குனிந்தேன்? நினைவே இல்லை.

ஜாசின் பக்கம் எஸ்டேட்டில் இருந்தபோது, முதல் இடிக்கு லயத்து வீட்டு வரிசை முழுக்க ஒரே குரல் எழும்: "ப்ளக்கப் புடுங்கு!" முத்தாயி அக்கா வீட்டு டிவி மின்னலில் கருகியதிலிருந்து அப்படி. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பிடுங்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். புக்கிட் காத்திலுக்குக் குடிவந்த பிறகும் நான்.

சுஜீவன் பொட்டலத்தோடு வந்தான்.

"கரண்ட் போச்சா?"

"இல்ல…"

என் கையைப் பார்த்தான்.

"எதுக்கு?"

"இடி."

"உனக்கென்ன விசரா?"

கோபத்தில்தான் அவனுக்கு வீட்டு இலங்கைத் தமிழ் வருகிறது. பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்காக வாங்கிவந்த நாசி லெமாக் சோறு.

இடையில் எதையும் சேமிக்கவில்லை. நாளை லேப் பூட்டு, மின்சாரமும் நிறுத்தம். திங்கள் ஒரு பகல்தான் மிச்சம். கணக்குக்கு ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வேண்டும்.

முடிந்தது. அவனுக்கும் சேர்த்து.

20.10.1996

போன் செய்தேன். அவன் அம்மா எடுத்தார். "சுஜீவன் இல்லைப் பிள்ளை." பின்னால் அவன் இருமுவது கேட்டது.

அம்மா கேட்டாள்: "என்னாடி, மூஞ்சி தொங்கிப் போயி கெடக்கு?"

என்ன சொல்வது? நீ பழக்கியதைத் தவறாமல் செய்தேன் என்றா?

தாளில் சும்மா சதுரம் வரைந்தேன். நடுவில் புள்ளி. மடித்தேன். மறுபடி மடித்தேன். நான்கு மூலையும் ஒன்றின் மேல் ஒன்று.

தகட்டின் கால்வாசியைக் கணக்கிட்டால் போதும். மிச்சமெல்லாம் அதன் நகல். நேரமும் கால்வாசி!

மடிப்பை ஒட்டிய கட்டத்துக்கு அந்தப் பக்கம் அண்டை கிடையாது. இந்தப் பக்க அண்டையையே இரண்டு தடவை எடுத்துக்கொள்ள வேண்டும். தாளில் சரி. மேப்பிளில் அதை எப்படி எழுதுவது? தெரியலையே. எனக்குத் தெரியலையே.

21.10.1996, திங்கள்

லேப் திறக்கும்போதே போனேன். அவன் இல்லை. நானே அடித்தேன். எரர். மாற்றினேன். எரர். பக்கத்து மேசையில் கேட்கலாம். 'ப்ளக்கைப் பிடுங்கியவள்' என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மறுபடி நானே அடித்தேன்.

பத்து மணிக்கு மேல் நாற்காலி இழுபடும் சத்தம். சுஜீவன். மடித்த தாளை நீட்டினேன். விரித்தான், மடித்தான்.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"அப்ப தேவப்படல."

"தள்ளு."

தள்ளினேன். ஒரு வரியைத் திருத்தினான். ஒரே வரி. ஓடத் தொடங்கியது. நான்குக்குச் சற்று முன்னால்தான் அடங்கியது.

லேபுக்கு வந்த சார், கால்வாசி யாருடைய யோசனை என்று கேட்டார். சுஜீவன் என்னைக் காட்டினான். எழுந்தேன். தாளை இரண்டாக, நான்காக மடித்துக் காட்டினேன். அவர் வாங்கி, மூலைவாட்டில் இன்னொரு மடிப்புப் போட்டார்.

"ஏன் பிள்ளை, இன்னொருக்கா மடிக்கேலாதோ?"

எட்டில் ஒன்று. மதியமே முடிந்திருக்கும்.

சுஜீவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

18.11.1996

தேர்ச்சி. விளிம்பில்.

அவசரமாக ஒப்படைத்த புராஜெக்டுக்கு அவனுக்கும் என் மதிப்பெண்தான். அவன் இதைவிட எவ்வளவோ நல்ல மதிப்பெண் வாங்குபவன்.

அப்பாவிடம் இப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். காவல் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். "பாஸு பாஸுதான? அப்பறம் என்னா?" வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

21.1.1997, செவ்வாய்

புதிய பருவம். மேப்பிள் இரண்டாம் பகுதி. சுஜீவன் வேறொருவனுடன் சேர்ந்துகொண்டான். வகுப்பில் ஒற்றைப்படை. மிஞ்சியது நான்.

ப்ளக்குக்கு மேலே அட்டை ஒட்டியிருக்கிறார்கள். தொடாதே என்று மலாயிலும் ஆங்கிலத்திலும். பெயர் போடவில்லை. போட வேண்டியதில்லை.

மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தது. என் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நானே அடித்தது. சில வரிகள் ஏன் வேலை செய்கின்றன என்று எனக்கே தெரியாது.

இடி.

இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்தேன். மறுபடி இடி. கண்ணாடி அதிர்ந்தது.

எதிர் வரிசையிலிருந்து, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சுஜீவன்: "பவா, ஒண்ணும் ஆவாது லா."

ப்ளக்கைப் பிடுங்கிய அந்த மதியத்துக்குப் பிறகு அவன் என் பெயரைச் சொன்னது இன்றுதான்.

கையை எடுக்கவில்லை. எண் குறைந்துகொண்டிருந்தது.